ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாதவர்

ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வேலை பார்த்து, பிரியாணி சாப்பிடாத ஒரே ஆள் அவர்தான் என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் காதுபடவே சொன்னதுண்டு. கோபித்துக்கொள்ள மாட்டார். "உன் பங்கோட என் பங்கையும் நீயே துன்னு தோஸ்த்" என்பார். நானும் தின்றுகொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஜாரில் தேக்சா மூடியைத் திறந்தால் எங்கள் டேனரி வரைக்கும் எனக்கு வாசனை வந்துவிடும். சுண்ணாம்புக் குழி நாற்றத்தைத் தாண்டி அது எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வரும்.

அவர் அங்கே செலக்ஷன் பார்ப்பவர். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் ஓரம் ஒரு நீள மேஜை. பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது ஒன்றாம் நம்பர், இது மூன்று, இது கழிவு என்று பிரித்துப் போடுவார். வாங்க வருகிற வெளிநாட்டுக்காரன் அவர் போட்ட அடுக்கிலிருந்து ஒரு தோலை எடுத்து மாற்றி வைத்து நான் பார்த்ததில்லை. நான் டெஸ்பாட்ச் கிளார்க். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது இருக்கும். என்னைவிட நாலைந்து வயசு ஜாஸ்தி. மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண். ஊருக்கெல்லாம் அவர் செலக்ஷன் பாய், எனக்குப் பாய்.

அவர் மேஜையின் ஒரு மூலையில் துணியில் சுற்றிய சின்ன மேஜைக் கடிகாரம் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கம்மிய குரலில் அது கிர்ரென்னும். உடனே தோலை அப்படியே விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து, ஒரு சின்ன டப்பாவைத் திறப்பார். காலை எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஐந்து டப்பா. ஒன்றில் குழைந்த சோறு. ஒன்றில் தோல் உரித்து மசித்த உருளைக்கிழங்கு. ஒன்றில் இட்லி, அதுவும் சட்னி கிடையாது, சாம்பார் கிடையாது. குழந்தைக்கு ஊட்டுவதுபோல் இத்துனூண்டு எடுத்து, அவ்வளவு நேரம் மெல்லுவார். பார்க்கிற எனக்குப் பேஜாராகிவிடும். "பாய், அதுல மெல்றதுக்கு இன்னா இருக்குது?" என்று ஒரு தடவை கேட்டேன். "உள்ள ஒருத்தர் இருக்கறாரு. அவருக்குப் பல்லு இல்ல. நான் தான் மென்னு அனுப்பணும்" என்றார்.

டீ குடிக்க மாட்டார். இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஊரில் டீ வேண்டாம் என்றால் உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். வெளியாள் யாராவது டீ வாங்கி நீட்டினால் பாய் கையைக் குவித்து, "மன்னிக்கணும்" என்பார். வீட்டிலிருந்து கொண்டுவந்த கொதித்து ஆறின தண்ணீரை எடுத்து அவர் எதிரிலேயே ஒரு மடக்கு குடிப்பார். வந்தவன் முகம் சுண்டிப்போகும். "ஆளு கொஞ்சம் ராங்கி" என்று வெளியே போய்ச் சொல்வான். பாதி ஊர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏலகிரிக்கு டேனரியிலிருந்து எல்லோரும் லாரியில் பிக்னிக் போனோம். அவர் லாரியில் ஏறவில்லை. முதல் பஸ்ஸில் தனியாகப் போய்விட்டார். நாங்கள் பாட்டும் கூத்துமாக மேலே போய்ச் சேர்ந்தபோது, தங்கும் விடுதி ஒன்றின் பின்பக்கத்து மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். ஏரி அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். "இங்க இன்னா பாய் பாக்கறதுக்கு இருக்குது, சுவரு?" என்றேன். "சுவத்துக்குப் பின்னாடி கக்கூஸ் இருக்குது. வாட்ச்மேன் நம்ம ஆளு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மடையன் நான். அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது, எது சுத்தம், எதில் தண்ணீர் வரும், எதற்குச் சாவி யாரிடம் கேட்க வேண்டும், அத்தனையும் அவருக்கு மனப்பாடம். பள்ளிகொண்டாவில் ஒரு பெட்ரோல் பங்க், மாதனூரில் ஒரு பள்ளிவாசல், அதைத் தாண்டி ஒரு அரிசி மில். பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்துச் சீட்டுதான். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். "வேலூர் லாங் பஜார்ல மட்டும் ஒண்ணுமே கெடையாது தோஸ்த். கோட்டைக்கு ஓடி வர்றதுக்குள்ள மானம் போய்டும். அங்க சாமான் வாங்கணும்னா காலைல கடை தொறக்கறப்பவே போய்ட்டு வந்துடணும்." ரயில்வே கால அட்டவணை படிக்கிற மாதிரிச் சொல்வார். குரலில் துக்கம் கிடையாது. நான் கேட்கவும் மாட்டேன். வயசானால் சிலருக்கு இப்படி என்று நினைத்தேன். நாற்பது என்ன வயசா?

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மூன்று வருஷமாக மறுத்தவர் அந்த வருஷம் வந்தார். என் சம்சாரம் ஸ்கூல் டீச்சர். விருந்தாளி தட்டு காலியானால் அவளுக்குப் பொறுக்காது. கரண்டியோடு பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "எங்க வீட்ல சாப்பிட மாட்டீங்களாண்ணே?" என்று அவள் கேட்ட தொனிக்கு எந்த மனுஷனும் மறுக்க முடியாது. ஆட்டுக்கறிக் குழம்பு, மிளகாய் தூக்கலாக. பிறகு முந்திரியும் திராட்சையும் போட்ட கேக், இரண்டு துண்டு. சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று பெண் சொல்லி அனுப்பியது. திரும்பி வந்தபோது சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி தோளில் தொங்கியது. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, மேஜையைப் பிடித்தபடி தோல் பார்த்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? வரவில்லை.

அடுத்த வருஷம் மாமியாருக்குக் கண் புரை. வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கிழவியை உட்காரவைத்துவிட்டு வழி தெரியாமல் வேறு ஒரு வரிசைக்குள் நுழைந்தால், பெஞ்சில் பாய். கையில் பழுப்பேறிய சீட்டுக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துட்டியா? சரி, உக்காரு."

அன்றைக்குத்தான் சொன்னார். முதலில் இழுத்து இழுத்து வயிற்று வலி, பேதி, எடை குறைச்சல். ஊரில் பார்த்த டாக்டர் குடலில் டிபி என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஊசி. காது கொஞ்சம் மந்தமானதுதான் மிச்சம். அப்புறம் இங்கே வந்து, படம் எடுத்து, வயிற்றைக் கிழித்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்து, டிபி இல்லை என்றார்கள். க்ரோன்ஸ் என்று ஒரு நோய். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண். ஆறும், மறுபடி வரும். தொற்றாது. ஒரேயடியாகப் போகவும் போகாது.

"பேரு வெள்ளைக்காரன் பேரு. குடலு நம்மளுது" என்றார்.

டாக்டரிடம் காட்ட வைத்திருந்த போன வருஷத்துச் சின்ன டைரியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ரசாயனக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுப்பது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில்: என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை போனேன், வலி உண்டா இல்லையா. தக்காளி, விதை எடுக்கவில்லை, தப்பு. கொய்யா, தப்பு. மோர், அரை டம்ளர், பரவாயில்லை. கத்தரிக்காய், இனிமேல் கிடையாது. ஒரு டிசம்பர் மாதத்துப் பக்கத்தில் கேக் என்று மட்டும் எழுதி, அதற்குக் கீழே வருஷம் முடிகிற வரைக்கும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யோ பாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் பொண்டாட்டி கையை முறிச்சிருப்பேனே!"

"அவங்க இன்னா பண்ணாங்க, பாவம். அன்னிக்கு நான்தான் என்னைக் கைவிட்டுட்டேன்."

சொல்லாததற்குக் காரணமும் சொன்னார். பெண்ணுக்குப் பதினேழு ஆகிறது. அப்பனுக்குக் குடலில் தீராத நோய் என்று வெளியே தெரிந்தால் எவன் வந்து கேட்பான்? டிபி என்று ஒரு தடவை பேர் ஆகிவிட்டால் அப்புறம் எந்த டாக்டர் வந்து இல்லை என்றாலும் காதில் ஏறாது. "ராங்கி புடிச்சவன்னு சொல்லட்டும். கஞ்சன்னு சொல்லட்டும். சீக்காளின்னு மட்டும் சொல்லக் கூடாது. அவ கல்யாணம் முடியற வரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாது தோஸ்த்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஏசப்பா மேல் ஆணையாக மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பையில் எப்போதும் ஒரு மாற்று லுங்கி, சோப்பு, சின்னக் குப்பியில் தேங்காயெண்ணெய். அடிக்கடி போகிறவனுக்குத் தோல் வெந்துவிடும், அதற்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் ஒன்று. மத்தியானம் இருபது நிமிஷம் கட்டிவைத்த தோல் மேலேயே படுத்துக்கொள்வார். வெந்நீர் நிரப்பின பழைய குளுக்கோஸ் பாட்டிலை வயிற்றின் வலது பக்கம் வைத்துக்கொள்வார். அந்தப் பாட்டிலுக்கு ஒரு உறை, கழிவில் போன மெத்தென்ற ஆட்டுத்தோலில் அவரே தைத்தது. நாலு மாசம் வலியே இல்லாமல் இருந்த சமயம் ஒன்று உண்டு. "அதான் நல்லாகிட்டீங்களே, மாத்திரையை வுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன். "நல்லா இருக்கறதே அதாலதான்" என்று சொல்லி, தண்ணீரோடு விழுங்கினார். தன்னைப் பார்த்துக்கொள்வதை அவர் ஒரு உத்தியோகமாகவே செய்தார். லீவு எடுக்காத உத்தியோகம்.

கஷ்டமெல்லாம் ரமலானில்தான். அந்த மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட முடியாது, நாளைக்கு நாலு தடவை போடாமலும் இருக்க முடியாது. "சீக்காளிக்கு மார்க்கத்துல விலக்கு இருக்குது. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சோறு போட்டா போதும். போட்டுட்டுத்தான் இருக்கறேன். அல்லாவுக்குத் தெரியும்" என்பார். அல்லாவுக்குத் தெரிந்தது டேனரிக்குத் தெரியாதே! கடிகாரத்தை அந்த மாசம் வீட்டிலேயே வைத்துவிடுவார். ரசாயன டிரம்களை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி நாலு வாய் விழுங்கிவிட்டு வருவார். நான் வெளியே ரசீதைத் தேடுகிறவன்போல் நிற்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ரமலான், நல்ல கோடை. பெண்ணுக்கு நிச்சயம் முடிந்து, பெருநாளுக்குப் பிறகு கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாணியம்பாடியில் தோல் தரகர். வெயிலிலும் அலைச்சலிலும் பாய்க்கு மறுபடி நோய் தலைதூக்கியிருந்தது. ஒரு நாள் டிரம் அறையிலிருந்து அவர் வெளியே வரும்போது மீசையில் ஒரு பருக்கை. மெஷின் சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். அன்றைக்கு முழுக்க மெஷின் பக்கம் கிசுகிசு.

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி பக்கெட்டில் வந்தது. எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்ட நான் வெட்கமில்லாமல் டம்ளரோடு முதல் ஆளாக நிற்பேன். பாய் பேருக்கு ஒரு டம்ளரைக் கையில் வாங்கிக்கொள்வார், குடிக்க மாட்டார். அன்றைக்கு அவர் கை நீட்டியபோது சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாய்க்கு எதுக்கு? அவரு காலைலயே நோன்பு தொறந்துட்டாரு" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "யோவ், மூணு வேளையும் முழுங்கற நான் குடிக்கலாம், அவரு குடிக்கக் கூடாதா? உனக்கு இன்னாய்யா தெரியும்? அவருக்குக் குடல்ல நோவு! மாத்திரை தின்னு உசுரைப் புடிச்சி வெச்சிருக்கற ஆளுய்யா அவரு!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அங்கே முப்பது பேர் இருந்தார்கள். பாய் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவரே, "நல்லதுக்குத்தான் சொன்னீங்க சார்" என்றார். ஏழு வருஷத்தில் என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அறைந்திருக்கலாம். மீதி ரமலான் முழுவதும் சார்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சோறு வேண்டாம் என்றதும் சம்சாரம் பயந்துபோய் ஜெபம் பண்ணினாள்.

பெருநாள் முடிந்த நாலாம் நாள், மாப்பிள்ளையின் அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேராக செலக்ஷன் அறைக்குள் போனார். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் வாயால் கெடுத்துவிட்டேன். கையில் கிடைத்த பில் கட்டோடு நானும் பின்னால் போய் நின்றேன்.

பாய் தோலை மேஜைமேல் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "கேள்விப்பட்டிருப்பீங்க சம்மந்தி" என்று ஆரம்பித்தார். "டிபி இல்ல. சீட்டெல்லாம் வெச்சிருக்கறேன், வேணும்னா டாக்டரையே வந்து..."

"இருங்க, இருங்க. இது எனக்கு நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும்."

பாய்க்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே உங்க மக என் சம்சாரத்தை உள்ள கூப்ட்டுச் சொல்லிடுச்சி. 'எங்க அத்தாவுக்கு இந்த நோவு. ஒட்டாது. ஆனா எனக்கே பின்னாடி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. தெரிஞ்சி கட்டிக்கறதுன்னா கட்டிக்கட்டும்'னு. எங்க வீட்டுக்கு இந்தப் பொண்ணுதான்னு என் சம்சாரம் அன்னிக்கே முடிவு பண்ணிட்டா."

பாய் அப்படியே தோல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். "எங்கிட்ட சொல்லலியே" என்றார். "எத்தனை ரமலான் சம்மந்தி. எத்தனை ரமலான் திருட்டுப்பய மாதிரி ஒளிஞ்சி துன்னேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

மாப்பிள்ளையின் அப்பா அவர் தோளில் கையை வைத்தார். அப்புறம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் வந்த விஷயம் வேற. கல்யாணத்தன்னிக்கு உங்களுக்கு இன்னா ஆக்கணும்? சமைக்கற பண்டாரி கேக்கறான். நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கல்யாணம் வாணியம்பாடியில். மாப்பிள்ளையின் குடும்பம் தாத்தா காலத்தில் தோல் வியாபாரத்துக்காகக் கீழக்கரையிலிருந்து வந்தது. பந்தியும் அந்த ஊர் வழக்கப்படிதான். தனித்தனி இலை கிடையாது. நாலு பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம், சஹன் என்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ஒருத்தர் முடிப்பதற்கு முன்னால் இன்னொருத்தர் எழுந்திருப்பது மரியாதை இல்லை. பந்தல் முழுக்கப் பிரியாணி. ஒரே ஒரு தாம்பாளத்தில் மட்டும் வெள்ளையாகக் குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, எலும்பு எடுத்து வேகவைத்த கோழி. காரம் கிடையாது. மாப்பிள்ளையின் அப்பா பாயைக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். தன் மகன் கல்யாணத்தில்! பாய் என்னைப் பார்த்து, "வா தோஸ்த்" என்றார். நான் போய் உட்கார்ந்தேன். நாலாவதாக யாரோ ஒரு வெளியூர் உறவுக்காரர், இடம் காலியாக இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்தவர், மூடியைத் திறந்ததும் தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். பாவம், எழுந்துபோகவும் முடியவில்லை.

பிஸ்மில்லா சொல்லி ஆரம்பித்தோம். ஆறேழு வாய் போயிருக்கும். பாயின் முகம் மாறியது. கையை எடுத்துவிட்டார். "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து, பந்தலின் பின்பக்கம் வேகமாக நடந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். கையை எடுக்கவில்லை, தாம்பாளத்தின் விளிம்பிலேயே வைத்துக்கொண்டார். நானும் வைத்தேன். உறவுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "எங்க போய்ட்டாரு?" என்றார்.

"வருவாரு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பக்கத்துத் தாம்பாளங்களெல்லாம் முடிந்து கைகழுவப் போய்விட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வந்து எங்கள் தலைக்குப் பின்னால் நின்றார்கள். பரிமாறுகிற ஆள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். கையில் ஒட்டிய சோறு காய்ந்து இழுத்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். முகம் கழுவின ஈரத்தோடு பாய் வந்தார். விளிம்பில் மூன்று கைகள் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எனக்காகவா நிறுத்திட்டீங்க? சோறு ஆறிப்போச்சே" என்றார்.

"உக்காருங்க சம்மந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

உட்கார்ந்தார். நாலு பேரும் சாப்பிட ஆரம்பித்தோம்.